ஏழாம் பெட்டி

ஏழாம் பெட்டியைத் தென்னையில் கட்டி முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. விஜி அதை நோட்டில் எழுதினாள். நேரம், மாலை ஐந்து. காற்று இல்லை. பறவை நடமாட்டம் இல்லை. அடுத்த கட்டத்தின் மேல் பேனாவை வைத்தபடி அப்படியே நின்றாள். உள்ளே மூச்சு கேட்கிறது என்று எழுத அந்த நோட்டில் கட்டம் எதுவும் இல்லை.

திராட்சைப் பந்தலுக்குள் பொழுது சீக்கிரமே சாய்ந்துவிடும். மேகமலை உச்சியில் இன்னும் வெயில் மஞ்சளாகக் கிடக்கும்போதே, பந்தலுக்குக் கீழே இலைகளில் தெளித்துக் காய்ந்துபோன மயில்துத்த மருந்தின் நீலமும், பழுக்கத் தொடங்கிய பன்னீர் திராட்சையின் புளித்த இனிப்பு வாடையும், காலில் ஒட்டும் ஈரமண்ணின் குளிர்ச்சியும் ஒன்றாய்ச் சேர்ந்து, ஆளின் தலைக்கு ஒரு சாண் மேலே தாழ்ந்த கூரைபோலக் கவிந்து நிற்கும். பந்தல் முடியும் இடத்தில் கிணறு. கிணற்றோரம் ஒற்றைத் தென்னை. அதில் பன்னிரண்டு அடி உயரத்தில் பெட்டி. ஒரு சாண் அகல வட்டத் துளை. துளைக்குள் இருட்டு.

மூச்சு அங்கிருந்துதான் வந்தது. குட்டையான, வேகமான மூச்சு. இழுக்கும்போது மூக்கில் சளி கட்டியதுபோல் ஒரு சின்ன கரகரப்பு. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு.

கூகைக்காக, அந்த வெள்ளை ஆந்தைக்காக, வைத்த பெட்டி அது. கூகை அப்படி மூச்சு விடாது. விட்டாலும் கீழே நிற்பவளுக்குக் கேட்காது. கூகைக் குஞ்சுகள் பசித்தால் சீறும், தூரத்துக்கே கேட்கும், உண்மைதான். ஆனால் முட்டை பொரிக்கவே ஒரு மாதம் வேண்டும். இந்தத் தோட்டத்தில் இன்றைக்குக் குஞ்சு என்று ஒன்று இருக்க முடியாது. விலங்கியல் படித்தவளுக்கு இது தெரியும். தெரிந்திருந்தும் ஏதாவது வேறு காரணம் கிடைக்காதா என்று நின்றாள்.

தோட்டம் அவளுடைய அக்கா முத்துலட்சுமியின் கணவர் சுருளிராஜனுடையது. ஓடைப்பட்டியிலிருந்து இரண்டு கிலோமீட்டர். போன வருடம் எலிகள் சொட்டுநீர்க் குழாய்களைக் கடித்தே ஒரு வெள்ளாமையைக் கெடுத்தன. மருந்து வைத்ததில் எலியோடு சேர்ந்து வீட்டு நாயும் செத்தது. கூகைக்குப் பெட்டி வைக்கலாம், ஒரு ஜோடி வந்து தங்கினால் வருடத்துக்கு ஆயிரம் எலி பிடிக்கும் என்று விஜி சொன்னாள். யாரிடமும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவள், அன்றைக்குப் பத்து நிமிடம் பேசினாள். அவர் அதற்காகவே ஒத்துக்கொண்டார் என்று அவளுக்குத் தோன்றும். சின்னமனூர் ஆசாரியிடம் ஏழு பெட்டி செய்து வந்தது. ஏணி வைத்துக் கட்டியது தோட்டத்தில் வேலை செய்யும் பேச்சிமுத்து.

இரண்டாம் பெட்டியில் மூன்றாம் நாளே ஒரு ஜோடி வந்து தங்கிவிட்டது. ஐந்தாம் பெட்டியில் ஒன்று வந்து வந்து போகிறது. மற்றவை காலி. நோட்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம். ‘உள்ளே விரித்தது’ என்று ஒரு கட்டம். ஆறு பெட்டிகளுக்கும் தென்னை நார் என்று எழுதியிருந்தாள். ஏழாம் பெட்டிக்கு அந்தக் கட்டத்தை எழுதாமல் விட்டிருந்தாள்.

அன்றைக்கு ஏணியில் நின்றபடி பேச்சிமுத்து கேட்டது அவளுக்கு நினைவிருக்கிறது.

“ஏழாவதுக்கு நாரு பத்தாதே ஆத்தா. இன்னொரு சாக்கு கொண்டாரவா?”

“வேணாண்ணே. நான் பாத்துக்கிறேன்.”

நோட்டை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பந்தலின் பாதி தூரம் வரை மூச்சு பின்னாலேயே கேட்டது. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும் என்று நினைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. முத்துலட்சுமி உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

“ஏடி, பிள்ளை துணிய எடுத்தியா? பொழுது போச்சு. மேல பட்சி பறந்துச்சுன்னா பிள்ளைக்கு ஆகாது.”

“எடுக்கேன்க்கா.”

“ஆகாதுன்னு சொல்றேன், நீ என்னடான்னா பட்சிக்கு வீடு கட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கிற.”

சுருளிராஜன் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். “என்ன கொழுந்தியா, ஒன் ஆந்தைகளுக்கு ரேஷன் கார்டு போட்டாச்சா? வீட்டு வரிய நான் கட்டணுமா, அதுக கட்டுமா?”

விஜி சிரித்தாள். துணிகளை எடுத்தாள். எல்லாம் வெள்ளை வேட்டியைக் கிழித்த துணிகள். வெயில் வாடையும் பால் வாடையும் அடித்தன.

பிள்ளை பிறந்து இருபத்திரண்டு நாள். பெண். அம்மா இல்லாத வீடு என்பதால் பேறுகாலம் பார்க்க விஜிதான் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். இதற்கு முன் ஒரு ஆண் பிள்ளை பிறந்து பதினோராம் நாள் போய்விட்டது. இரண்டு வருடம் ஆகிறது. அவனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பெயரும் வைத்திருக்கவில்லை. ஆகவே பேசுவதற்கு ஒரு சொல்லும் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்குப் பதினொன்றாம் நாள் முடிந்த அன்று முத்துலட்சுமி ஒரு மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுததை விஜி பார்த்தாள். இது தங்க வேண்டும். அந்த வீட்டில் எல்லாரும் வேண்டியது அது ஒன்றைத்தான்.

பிள்ளை தொட்டிலில் தூங்கியது. விஜி குனிந்து நெஞ்சைப் பார்த்து எண்ணினாள்.

நாற்பத்து நான்கு.

முதலில் கண்ணில் பட்டது உருண்டைதான். கூகை எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டிக் கக்கிவிடும். பெட்டிக்குக் கீழே கட்டைவிரல் தடிமனில் கறுப்பாகக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி மோட்டார் ரூமில் வைத்து இடுக்கியால் பிரித்து, எத்தனை எலி, எத்தனை மூஞ்சூறு என்று மண்டையோடுகளை எண்ணுவது அவளுக்குப் பிடித்த வேலை. யாரோடும் பேசாமல் செய்யலாம்.

ஏழாம் பெட்டிக்குக் கீழே, அதைக் கட்டிய ஐந்தாம் நாள் ஒன்று கிடந்தது. எந்தப் பறவையும் வராத பெட்டி. உருண்டை கறுப்பாக இல்லை. வெளிறி, பஞ்சுபோல் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். புளித்த பால் வாடை. பிரித்தாள். எலும்பு இல்லை. ஒரு மண்டையோடு இல்லை. மெல்லிய, செம்பட்டையான மயிர் மட்டும். எலி மயிர் இவ்வளவு நீளம் இருக்காது.

அன்று மாலை பிள்ளையைக் குளிப்பாட்டும்போது பின்மண்டையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி இல்லாமல் இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் தலையணையில் உரசி அங்கே முடி போகும். விஜி அதைத் தனக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் இன்னொன்று. அதற்குள் கறுப்பு நூல். பிள்ளையின் அரைஞாண் கயிறு ஒரு பக்கம் சன்னமாகத் தேய்ந்திருந்தது. கயிறு தேயும்.

பன்னிரண்டாம் நாள் காலை முத்துலட்சுமி பிள்ளையின் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நகம் வெட்டினியாடி?”

“இல்லையேக்கா.”

“ஒட்ட வெட்டியிருக்கே. அவுக வெட்டியிருப்பாகளோ? ஆம்பளைக்கு அம்புட்டுப் பொறுமை ஏது.” அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

விஜி மோட்டார் ரூமுக்குப் போனாள். அன்று காலை பொறுக்கியதை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தாள். அரிசித் தவிடுபோல் பிறைபிறையாக, ஒளி ஊடுருவும் மெல்லிசில், பத்து.

பத்தையும் ஒரு தாளில் மடித்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

இரண்டு இடத்திலும் நாற்பத்து நான்கு எண்ணியதற்கு மறுநாள் காலை கிராம நர்ஸ் பிரின்சி ஸ்கூட்டியில் வந்தாள். தராசைத் தொங்கவிட்டு, துணித்தொட்டிலில் பிள்ளையை வைத்தாள். முள்ளைப் பார்த்தாள். எடுத்து மறுபடி வைத்தாள்.

“போன தடவை மூணு கிலோ இருந்துச்சே. இப்ப ரெண்டு நானூறு. பால் குடிக்கிதா இல்லையா?”

“குடிக்காம என்ன சிஸ்டர். மாரே வத்திப்போற அளவுக்குக் குடிக்கிது. அரை மணிக்கு ஒருக்க குடிக்கிது,” என்றாள் முத்துலட்சுமி.

“குடிச்சதெல்லாம் எங்க போகுது?”

பிரின்சி பிள்ளையின் தொடைத் தோலைக் கிள்ளிவிட்டாள். தோல் கிள்ளியபடியே சற்று நேரம் நின்றது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு போனது.

“நாளைக்குன்னு தள்ளிப்போட வேணாம். இன்னைக்கே தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“அவுக லோடு ஏத்திட்டுப் போயிருக்காக. பொழுது சாய வந்துருவாக. வந்ததும் கெளம்பிருவோம்.”

பிரின்சி போனபின் விஜி தொட்டிலருகே குனிந்தாள். முப்பத்தாறு.

கிணற்றடிக்கு ஓடினாள். அண்ணாந்து நின்று எண்ணினாள். ஐம்பத்திரண்டு. மூக்கில் கரகரப்பு இல்லை. தெளிந்த, நிறைந்த மூச்சு.

கூட்டிப் பார்த்தாள். எண்பத்தெட்டு. நேற்று, நாற்பத்து நான்கும் நாற்பத்து நான்கும். எண்பத்தெட்டு.

இதற்கு விளக்கம் இருக்கும் என்று பந்தலுக்குள் நடந்தாள். நடந்தபடியே இருந்தாள். பகல் முழுக்க உட்கார முடியவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தாள். துணி துவைத்தாள். துவைத்ததையே திரும்பத் துவைத்தாள். ஒவ்வொரு அரை மணிக்கும் இங்கே எண்ணி, அங்கே எண்ணினாள். முப்பத்து மூன்று, ஐம்பத்தைந்து. முப்பது, ஐம்பத்தெட்டு. அவளுக்குத் தெரிந்த ஒன்றை அக்காவிடம் சொன்னால் போதும் என்று பலமுறை அறை வாசல் வரை போனாள். முத்துலட்சுமி பிள்ளையை மாரில் அணைத்துக்கொண்டு, பால் ஊறுவதற்காகப் பூண்டை மென்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஜிக்கு வாய் வரவில்லை. அவளுக்கு எப்போதும் அப்படித்தான். சொல்ல வேண்டியது தொண்டை வரை வரும், கூச்சம் வந்து மூடிக்கொள்ளும்.

பெட்டியை இறக்கிவிடலாம். இறக்கிவிட்டால் சொல்ல வேண்டியதில்லை.

நாலரைக்குப் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டாள். மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“என்ன ஆத்தா, வாடகை பாக்கியா? காலி பண்ணச் சொல்லிட்டியா?”

“கழட்டிருங்கண்ணே. அப்படியே கெணத்துல போட்டாலும் சரி.”

“புதுப் பெட்டிய எவனாச்சும் கெணத்துல போடுவானா? எனக்குக் குடு, கோழி அடைக்கேன்.”

ஏறினார். கம்பி முறுக்கை அவிழ்க்கும் முன், உள்ளே பாம்பு கீம்பு இருக்கிறதா என்று துளைக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது.

அப்படியே நின்றார்.

பந்தலில் தவிட்டுக்குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. அவை ஒரே நேரத்தில் நின்றன. பேச்சிமுத்து கையை மெதுவாக, தூங்குகிற எதையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் வெளியே எடுத்தார். இறங்கினார். கையை வேட்டியில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

“என்னண்ணே இருக்கு?”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எனக்கு நாலு பிள்ளை ஆத்தா. நாலையும் தூக்கி வளத்திருக்கேன். உச்சிக்குழி எப்படி இருக்கும்னு இந்தக் கைக்குத் தெரியும்.”

“அண்ணே.”

“துடிக்குது ஆத்தா.”

ஏணியை எடுக்காமலே போனார். பந்தலின் கடைசிவரை நடந்தார். அப்புறம் ஓடும் சத்தம் கேட்டது.

வெயில் மலையிலிருந்து இறங்கிவிட்டது. விஜி தனியாக நின்றாள். ஏணி தென்னையில் சாய்ந்திருந்தது. நான் ஏறலாம். நாலே கம்பிதான். கட்டிங் பிளேயர் கையில் இருக்கிறது. ஒரு காலை முதல் படியில் வைத்தாள். மேலே மூச்சு ஒரு கணம் நின்றது. பின் ஒரு சின்ன விக்கல். அதன் பின், அழுகை. பசித்த பிள்ளையின், இன்னும் சத்தம் கூடாத, தேய்ந்த அழுகை.

காலை எடுத்துவிட்டாள்.

பந்தலுக்குள் யாரோ வரும் சத்தம். இலைகள் உரசும் சத்தம். வெறுங்காலின் சத்தம். முத்துலட்சுமி குனிந்து, கொடிகளை ஒரு கையால் விலக்கிக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் பிள்ளை. நைட்டியின் முன்பக்கம் இரண்டு இடத்தில் வட்டமாக நனைந்து, நனைவு கீழே பரவிக்கொண்டிருந்தது.

“பிள்ளை அழுகுது. காதுல விழுகலையாடி ஒனக்கு?”

“அக்கா, பிள்ளை ஒன் கையில இருக்கு. தூங்குது.”

முத்துலட்சுமி கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தாள். மடித்த துண்டைக் கொடுப்பதுபோல் விஜியிடம் கொடுத்தாள். “இது இல்ல.”

எடையே இல்லை. துணிதான் கனத்தது. துணிக்குள் பிள்ளையின் கண் பாதி திறந்திருந்தது.

“ஏறாதக்கா. தையல் பிரிஞ்சிரும். அக்கா!”

முத்துலட்சுமி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் ஏணி முனகியது. பிள்ளையைப் பிடித்திருந்த கையால் விஜிக்கு ஏணியைப் பிடிக்க முடியவில்லை. கத்த வேண்டும். மச்சானுக்குப் போன் செய்ய வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓட வேண்டும். இரண்டு எட்டு வைத்தாள். பிள்ளையின் மூச்சு நின்றது. நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு மூச்சு வந்தது. பின்னால் ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு மூச்சு.

பெட்டியிலிருந்து தள்ளிப் போக முடியாது.

மேலே அக்காவின் கை துளைக்குள் போனது. தோள் வரை போனது. கன்னம் பலகையில் அழுந்தியது.

“சூடா இருக்குடி.”

“கைய எடு.”

“வெரலப் பிடிச்சுக்கிருச்சு.” முத்துலட்சுமி சிரித்தாள். இரண்டு வருடத்தில் விஜி அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. “எம்புட்டுப் பலம் பாரேன்.”

விஜியின் மார்பின் மேல், பிள்ளையின் மூடிய கை திறந்தது. சுண்டுவிரல். அடுத்த விரல். அடுத்தது. பிடித்திருந்த எதையோ யாரோ மெதுவாக உருவிக்கொண்டதுபோல்.

எண்ணினாள். ஒன்று.

காத்திருந்தாள்.

மேலே ஊக்குகள் அவிழும் சத்தம். முத்துலட்சுமி உள்ளே விட்ட கையை எடுக்காமலே, மறுகையால் நைட்டியை விலக்கி, துளையோடு மார்பைச் சேர்த்து நின்றாள். அழுகை நின்றது. மூச்சும் நின்றது. வேறொரு சத்தம் தொடங்கியது. விழுங்கும் சத்தம். அவசரமாக, இடைவிடாமல், ரொம்ப நாள் பசியோடு.

இரண்டு. இல்லை. காற்று.

முத்துலட்சுமி மூக்கைப் பலகையில் வைத்து முகர்ந்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் மாறியது.

“விஜி. இந்த வாடை எனக்குத் தெரியும். உள்ள என்னத்தடி விரிச்ச?”

பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. விஜி அதைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள். இந்தத் தடவை வார்த்தை வந்தது.

“மூத்தவன் துணிய மூட்டையா கட்டிக் குடுத்து ஆத்துல விட்டுட்டு வரச் சொன்னேல்லக்கா. வீரபாண்டி படித்துறையில அம்புட்டுப் பேரு குளிச்சுக்கிட்டு இருந்தாக. எல்லாரும் என்னையவே பாத்தாக. எனக்குக் கூச்சமா இருந்துச்சு. நான் விடலக்கா. அவன் துணியத்தான் உள்ள விரிச்சிருக்கேன்.”